ஆழ்கடல் விசைப்படகுகளுக்கும் சேதக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பலைப் பற்றியும், அதிலிருந்து நம் மாவட்டக் கடற்கரையில் வந்து ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளைப் பற்றியும், மீனவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டைப் பற்றியும் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் சொல்லப்பட்ட கவலைகள் அனைத்தும் நியாயமானவை. ஆனால், ஒரு கப்பலுக்குள் தண்ணீர் புகும்போது அதில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும், அதை அவர்களுக்கு யார் கற்றுத் தருகிறார்கள் என்ற கேள்வி அவற்றில் எங்கும் என் கண்ணில் படவில்லை. புகும் தண்ணீரையும் தீயையும் கட்டுப்படுத்திக் கப்பலைக் காப்பாற்றும் இந்த வேலையைத்தான் சேதக் கட்டுப்பாடு என்கிறோம். இந்தியக் கடற்படையில் கப்பல் தச்சர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது குளச்சலில் வசித்து வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை நம் மாவட்டத்து ஆழ்கடல் விசைப்படகுகளை முன்னிறுத்திக் கேட்க விரும்புகிறேன்.

எல்சா 3 ஒரே நொடியில் மூழ்கிவிடவில்லை. விழிஞ்ஞத்திலிருந்து 640 கன்டெய்னர்களுடன் கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த அந்தக் கப்பல், மே 24 அன்று 26 டிகிரி அளவுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கப்பலின் சமநிலைக்காக அடித்தொட்டிகளில் ஏற்றப்படும் பேலஸ்ட் தண்ணீரைக் கையாள்வதில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று அப்போது அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. கப்பலில் இருந்த 24 பேரில் 21 பேரை அன்றே கடலோரக் காவல் படை மீட்டது. கேப்டனும் இரண்டு பொறியாளர்களும் மட்டும் கப்பலைக் காப்பாற்றும் முயற்சிக்காக இரவு முழுவதும் அந்தச் சாய்ந்த தளத்திலேயே தங்கியிருந்தார்கள். மறுநாள் காலை நிலைமை கைமீறிய பிறகே கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். சுஜாதா அந்த மூவரையும் ஏற்றிக்கொண்டது. இது நடந்த பதினாறாம் நாள், ஜூன் 9 அன்று, வட கேரளக் கடலில் வான் ஹாய் 503 என்ற கப்பல் தீப்பற்றியது. 18 பேர் மீட்கப்பட்டார்கள், நான்கு பேரைக் காணவில்லை. தேர்ச்சி பெற்ற மாலுமிகளும் நவீனக் கருவிகளும் உள்ள கப்பல்களுக்கே இந்த நிலை என்றால், தூத்தூரிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் புறப்பட்டு வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கித் தொழில் செய்யும் பத்துப் பன்னிரண்டு பேரின் நிலை என்ன என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கடற்படை வாழ்க்கை என்றால் பீரங்கி, சீருடை, அணிவகுப்பு என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு மாலுமி தன் பணிக்காலத்தில் எதிரியைச் சந்திக்காமலே ஓய்வு பெறலாம். தீயையும் தண்ணீரையும் சந்திக்கத் தயாராக இல்லாமல் ஒரு நாளும் இருக்க முடியாது. துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதும் பணிமுறையில் உள்ளவர்கள் தீயணைப்பு ஒத்திகை செய்கிறார்கள். கடலில் நள்ளிரவில் மணி அடிக்கும். படுக்கையிலிருந்து எழுந்த நிலையிலேயே அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும். சமையல் பிரிவில் இருப்பவரும் எழுத்தர் பிரிவில் இருப்பவரும் இதற்கு விதிவிலக்கில்லை. கப்பலின் ஒவ்வொரு கதவிலும் மூடியிலும் எக்ஸ், ஒய், இசட் என்று ஓர் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். எந்த நிலையில் எது மூடியிருக்க வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் முடிவு செய்யும், நம் வசதி முடிவு செய்யாது. தூங்கும் அறையிலிருந்து வெளியேறும் வழியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிச் சென்று பழகுவதும் கடற்படைகளில் உள்ள வழக்கம். 2017 ஜூன் 17 அன்று ஜப்பானுக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டு மீது ஒரு சரக்குக் கப்பல் மோதியபோது, நீர்மட்டத்துக்குக் கீழே மாலுமிகள் உறங்கிக்கொண்டிருந்த அறை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நிறைந்துபோனது. அங்கிருந்த 35 பேரில் 28 பேர் வெளியேறினார்கள். ஏழு பேர் இறந்தார்கள். இருட்டில், மிதக்கும் மெத்தைகளுக்கு நடுவில், அத்தனை பேர் வெளியே வர முடிந்தது என்பதைப் பயிற்சியின் பயனாகவே நான் பார்க்கிறேன்.

லோனாவ்லாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜி வளாகத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கோவா கப்பல் கட்டும் தளம் அமைத்த 'அக்ஷத்' என்ற பயிற்சிக் கூடமும் அங்கே உண்டு. கப்பலின் அறைகளைப் போலவே கட்டப்பட்ட இரும்புக் கூடு அது. ஆடும், சாயும், கிழிசல்கள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு உள்ளே வரும். இப்படிப்பட்ட பயிற்சியில் முதன்முறை இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்வார்கள். தண்ணீர் வரும் ஓட்டையை முழுவதுமாக அடைத்துவிட முயன்று, மர ஆப்பை நேராக வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். தண்ணீர் அந்த ஆப்பை அப்படியே தூக்கி எறிந்துவிடும். ஆப்பில் துணி சுற்ற வேண்டும், பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து ஓட்டைக்குள் நுழைக்க வேண்டும், முதலில் மெதுவாகத் தட்ட வேண்டும். மென்மையான மரம் என்றால் தண்ணீரில் ஊறி அதுவே இறுகிக்கொள்ளும். மோதலில் கிழிந்த தகடு என்றால் அதன் விளிம்பு உட்புறமாக வளைந்து கத்தியைப் போல் நிற்கும். அங்கே ஆப்பு பயன்படாது. மெத்தையோ சாக்கோ வைத்து, அதன் மேல் பலகை வைத்து, எதிர்ச்சுவரிலிருந்து மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமிருந்தும் ஆப்பு இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் கிழிசல் இன்னும் விரியும். இவை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்திகள் இல்லை. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் அடிக்க, இடுப்பளவு வெள்ளத்தில் நின்று கைகள்தான் இவற்றைக் கற்க வேண்டும்.

இதில் உள்ள கணக்கை மட்டும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியாக மணிக்கு ஏறக்குறைய 19 டன் கடல்நீர் உள்ளே வரும். விட்டம் இரட்டிப்பானால் வரும் தண்ணீர் நான்கு மடங்காகும்; அதாவது 10 சென்டிமீட்டர் ஓட்டை மணிக்கு ஏறக்குறைய 75 டன்னை உள்ளே விடும். அந்தப் பெரிய ஓட்டையின் பரப்பில் முக்கால் பங்கை ஒரு மெத்தையையும் பலகையையும் வைத்து அடைத்துவிட்டால், வரத்து மீண்டும் 19 டன் அளவுக்குக் குறைந்துவிடும். முழுவதும் அடைபட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படகில் உள்ள பம்பு இறைக்கும் அளவுக்குள் வரத்தைக் கொண்டுவந்துவிட்டால் படகு மிதக்கும். சேதக் கட்டுப்பாட்டின் அடிப்படை இதுதான். இது தெரியாதவர், ஓட்டை முழுவதும் அடைபடவில்லை என்று மனம் தளர்ந்து, பாதி அடைத்ததையும் விட்டுவிட்டு மேலே ஏறிவிடுகிறார்.

புகுந்த தண்ணீரின் எடையை விட அதன் அலைவு ஆபத்தானது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அகலமான தாம்பாளத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். படகு ஒரு பக்கம் சாயும்போது உள்ளே தேங்கிய நீரும் அதே பக்கம் ஓடிப்போய் அந்தச் சாய்வை அதிகமாக்குகிறது. ஐஸ் உருகித் தேங்கிய மீன் அறையிலும் இதுவே நடக்கும்.

தீயை அணைக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. 2011 ஜனவரி 30 அன்று மும்பைத் துறைமுகத்துக்கு அருகே ஐ.என்.எஸ். விந்தியகிரி மீது நார்ட்லேக் என்ற சரக்குக் கப்பல் மோதியது. போர்க்கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. கப்பலில் இருந்தவர்கள் அனைவரும் உயிர் பிழைத்தார்கள். கப்பலும் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆனால் தீயை அணைக்க மணிக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சப்பட்ட அந்தக் கப்பல், மறுநாள் துறைமுகத்திலேயே மூழ்கியது. 2024 ஜூலையில் அதே மும்பையில் தீப்பிடித்த ஐ.என்.எஸ். பிரம்மபுத்திராவும் தீ அணைந்த பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த படத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்த விபத்தில் ஒரு மாலுமி உயிரிழந்தார். நூற்றுக்கணக்கானோர் பயிற்சி பெற்ற கடற்படைக்கே இந்தப் பாடம் இவ்வளவு விலையில் கிடைக்கிறது. எரியும் டீசல் மேல் வாளித் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது நம் படகுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடற்படைகளின் வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது 1967 ஜூலை 29 அன்று வியட்நாம் கடற்பகுதியில் அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் ஃபாரெஸ்டலில் நடந்தது. தளத்தில் தீப்பிடித்ததும் தேர்ச்சி பெற்ற தீயணைப்புக் குழுவினர் முன்னால் ஓடினார்கள். அடுத்த சில நிமிடங்களில் வெடித்த குண்டில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். பின்னால் வந்தவர்களுக்கு மனத்துணிவு இருந்தது, பயிற்சி இல்லை. ஒரு பக்கம் சிலர் எரியும் எரிபொருளை மூடி அணைக்கும் நுரையைப் பரப்ப, மறுபக்கம் சிலர் தண்ணீரைப் பீய்ச்சி அந்த நுரையைக் கழுவிவிட்டார்கள். எரியும் எண்ணெய் தளத்தின் ஓட்டைகள் வழியாகக் கீழே உள்ள அறைகளுக்கு இறங்கியது. 134 பேர் இறந்தார்கள். அதன் பிறகே எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி என்ற முறை அங்கே உறுதியாக வேரூன்றியது. அதன் பயனை 2000 அக்டோபர் 12 அன்று ஏடன் துறைமுகத்தில் காண முடிந்தது. வெடிகுண்டுப் படகால் தாக்கப்பட்டு 17 பேரை இழந்த கோல் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள், மின்சாரமும் பம்புகளும் நின்றுபோன பிறகும் வரிசையாக நின்று வாளிகளால் தண்ணீரை இறைத்துக் கப்பலைக் காப்பாற்றினார்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான நம் கடற்கரை மக்களுக்குக் கடலைப் பற்றி நான் சொல்லித்தர எதுவும் இல்லை. காற்றின் திசை மாறுவதை மணத்தில் அறிகிறவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நம் முன்னோர்கள் ஓட்டிய கட்டுமரத்துக்குள் தண்ணீர் புக இடமே கிடையாது. அலை அதன் மேல் ஏறி இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தாலும் மரங்கள் மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். அதனால், மூழ்கும் கலத்தை உள்ளிருந்து காப்பாற்றும் வித்தை நம் மரபில் வளர வேண்டிய தேவை எழவில்லை. இன்று ஆழ்கடலுக்குப் போவது இரும்புத் தகட்டால் கட்டிய, மேல்தளம் மூடிய விசைப்படகு. அதன் வயிற்றில் இயந்திர அறை, டீசல் தொட்டி, ஐஸ் நிரப்பிய மீன் அறை, மேலே வீல் ஹவுஸ், சமையலுக்குக் கேஸ் சிலிண்டர். உண்மையில் அது ஒரு சிறிய கப்பல். கப்பலுக்கு வரும் எல்லா நோயும் அதற்கு வரும். கப்பலை நாம் வாங்கிவிட்டோம், கப்பலைக் காப்பாற்றும் பயிற்சியை இன்னும் வாங்கவில்லை.

பெரிய மோதல்களில்தான் படகு மூழ்கும் என்று நினைக்க வேண்டாம். கடல்நீரை இயந்திரத்துக்குக் கொண்டுவரும் ரப்பர் குழாயின் கிளிப் துருப்பிடித்து அறுந்தால் போதும். படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் கிளாண்டு தளர்ந்தால் போதும். எனக்கு அறிமுகமான ஒரு படகில் இதே நடந்தது. குழாய் கழன்று இயந்திர அறையில் தண்ணீர் முழங்கால் அளவு ஏறிய பிறகே கவனித்திருக்கிறார்கள். எல்லோரும் வாளியைத் தூக்கினார்கள். குழாய்க்குக் கீழே ஒரு வால்வு இருக்கிறது, அதைத் திருகி மூடினால் தண்ணீர் நின்றுவிடும் என்பது படகில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தேடிப்போய்த் திருகியபோது வால்வு துருவேறி அசையவில்லை. கடைசியில் ஓர் இளைஞர் மூச்சைப் பிடித்து மூழ்கி, தன் சட்டையைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்துக் கயிற்றால் கட்டினார். எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். பாராட்டப்பட வேண்டிய சமயோசிதம். ஆனால் பன்னிரண்டு உயிர்களை நாம் ஒருவருடைய சமயோசிதத்தை நம்பி அனுப்பக் கூடாது. அந்த வால்வை மாதம் ஒரு முறை திருகிப் பார்த்து எண்ணெய் விடுவதும், அதன் அருகிலேயே அளவான ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் கடற்படையில் எளிய நடைமுறைகள்.

இன்னொரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்ட வேண்டும். நம் கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஏராளமான இளைஞர்கள் வணிகக் கப்பல்களில் வேலைக்குப் போகிறார்கள். கப்பலில் கால் வைக்கும் முன்பே அவர்கள் ஒவ்வொருவரும் தீத்தடுப்பு, தீயணைப்பு, கடலில் உயிர் காத்தல், முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு மாதம் ஒரு முறையாவது தீயணைப்பு ஒத்திகையிலும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையிலும் கலந்துகொள்ள வேண்டும் என்பது சர்வதேச விதி. அதே வீட்டில் பிறந்த தம்பி லட்சத்தீவுக்கு அப்பால் சுறாவுக்கும் சூரைக்கும் போகிற படகில் ஏறும்போது அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அண்ணனுடைய உயிருக்கு உள்ள விதி தம்பியின் உயிருக்கு ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

எந்தப் பயிற்சியும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2018 ஆகஸ்ட் 7 அதிகாலையில் முனம்பத்துக்கு அப்பால் ஓஷியானிக் என்ற விசைப்படகின் மீது கப்பல் மோதிய துயரத்தை நம் மாவட்டம் மறக்காது; அதில் சென்றவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பல ஆயிரம் டன் கப்பல் நேராக ஏறும்போது ஆப்பும் முட்டுக்கட்டையும் என்ன செய்யும்? அங்கே தேவைப்படுவது இரவுக் காவலும், எரியும் விளக்கும், படகு இருக்கும் இடத்தை அருகிலுள்ள கப்பல்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இயங்குவதும், கையெட்டும் தூரத்தில் உயிர்காப்புச் சட்டையும்தான். ஒக்கி போன்ற புயலும் வேறு வகை. இவற்றுக்காகத் தொலைத்தொடர்புக் கருவிகளும் டிரான்ஸ்பாண்டர்களும் வழங்கப்படுவதை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கருவிகள் எல்லாம் உதவியை அழைப்பதற்கானவை. 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல் படையை அழைக்கலாம், வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிடலாம். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவில் இருக்கும் படகுக்கு எந்தக் கப்பலும் உடனே வந்துவிட முடியாது. அது வரும்வரை படகை மிதக்க வைப்பது படகில் இருப்பவர்களின் கைகளில்தான் இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு நேரம் இல்லை என்று படகு உரிமையாளர்கள் சொல்லக்கூடும். மீன்பிடித் தடைக்காலம் இரண்டு நடைமுறையில் உள்ள மாவட்டம் நம்முடையது. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை ஏதேனும் ஒரு துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். ஒரே பயிற்சிக் குழு கிழக்கே தொடங்கி மேற்கே முடிக்கலாம். ஒரு துறைமுகத்துக்கு ஒரு பழைய இரும்புப் படகின் கூடு போதும். அதன் பக்கவாட்டில் பல அளவுகளில் ஓட்டை வெட்டி, தீயணைப்பு வண்டியின் பம்பு மூலம் தண்ணீரைப் பாய்ச்சினால் அதுவே பயிற்சிக் கூடம். லோனாவ்லாவில் உள்ளதைப் போன்ற வசதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படகுகளில் இப்போது ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத் தொழிலாளர்களும் நம்மவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு படகை ஓட்டும் ஸ்ராங்குக்கு மட்டும் வகுப்பு எடுப்பதில் பயனில்லை; ஃபாரெஸ்டலில் நடந்ததே ஒவ்வொரு படகிலும் சிறிய அளவில் நடக்கும். மொழி ஒரு தடையாக இருக்காது. எந்த வால்வை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதைச் சிவப்பு வண்ணமும் ஓர் அம்புக்குறியும் எந்த மொழிக்காரருக்கும் சொல்லிவிடும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் விசைப்படகுகளை ஆண்டுதோறும் நேரில் ஆய்வு செய்கிறார்கள். பதிவுச் சான்றையும் இயந்திரத்தையும் உயிர்காப்புச் சட்டைகளையும் பார்க்கும் அதே வேளையில், கடல்நீர் வால்வுகள் கையால் திருகும் நிலையில் இருக்கின்றனவா, இயந்திர அறைக்கும் மீன் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரில் குழாய்க்காகவும் வயருக்காகவும் போட்ட ஓட்டைகள் அடைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது செய்தியை வற்புறுத்திச் சொல்கிறேன். 2018 நவம்பர் 8 அன்று எண்ணெய்க் கப்பலோடு மோதிய நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற நவீனப் போர்க்கப்பலில், உள்ளீடற்ற விசிறித் தண்டின் வழியாக ஓர் அறையின் தண்ணீர் மற்ற அறைக்குப் பரவியது. அந்தக் கப்பல் மீளவில்லை. தடுப்புச் சுவரில் வெல்டிங் செய்யாமல் விட்ட ஒரே ஓர் ஓட்டை, தடுப்புச் சுவரே இல்லாததற்குச் சமம். அதோடு, மென்மரத்தில் செதுக்கிய பல அளவு ஆப்புகள், ஒரு சம்மட்டி, பழைய மெத்தைத் துண்டு, இரண்டு பலகை, நான்கு முட்டுக்கட்டை, குழாய்க் கிளிப்புகள், ரப்பர்த் தகடு, தண்ணீர் புகாத டார்ச் விளக்கு, கையால் இயக்கும் ஒரு பம்பு ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்று இல்லாத படகைக் கடலுக்கு விடக் கூடாது. பெரும்பாலானவை நம் ஊர்த் தச்சுப் பட்டறையிலும் இரும்புக் கடையிலும் கிடைப்பவை. ஒரு பயணத்தின் டீசல் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை.

கற்றுத்தர ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் ஊர் ஊராக இருக்கிறார்கள். கொச்சியில் மீன்பிடிக் கலன்களுக்கான பயிற்சி அளிக்கும் மத்திய நிறுவனமான சிஃப்நெட் இருக்கிறது. பாடத்திட்டத்துக்கும் சான்றிதழுக்கும் அதன் உதவியைக் கேட்கலாம். மாவட்ட ஆட்சியரும் மீன்வளத் துறையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால், வருகிற தடைக்காலத்திலேயே ஏதாவது ஒரு துறைமுகத்தில் இதைத் தொடங்கிவிடலாம். தேங்காய்ப்பட்டணத்தில் தொடங்குவது பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. ஆழ்கடல் தொழிலில் அதிகம் ஈடுபடும் தூத்தூர் மண்டலத்துக் கிராமங்களுக்கு அதுதான் அருகில் உள்ளது. அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் வந்து கற்றுத்தர நானும், என்னோடு பணியாற்றி இதே கடற்கரையில் வசிக்கும் நண்பர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். இந்தக் கோரிக்கையை உரியவர்களின் பார்வைக்குக் கொண்டுசெல்லுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.